பைலட்டம்மாவுக்குப் பிடித்தது

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
21 செப்டம்பர் 2025

திருமிகு திரௌபதி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் மாறன். மாவட்ட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படிச் சொன்னால் உங்களுக்கு என்னைத் தெரியாது. போன மாதம் உங்கள் ஊர் மலைச்சரிவில் விழுந்த பயிற்சி விமானத்தில் இருந்த பெண் கவிநிலா, என் மகள். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தீர்கள். நான் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரை உங்கள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தேன். நன்றியும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஈட்டிமரத்தூருக்கு ரோடு கிடையாது, செல்போன் டவர் கிடையாது என்று அங்கே வந்திருந்த தாசில்தார் என்னிடம் சொன்னார். ஏதோ உங்கள் ஊர்க்காரர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய மாதிரி சொன்னார். அந்த மழையில் மூங்கிலில் தூளி கட்டி, என் மகளையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கேப்டன் சக்கரவர்த்தியையும் உங்கள் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதே நேரத்தில் தொலைக்காட்சியில் ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு நடப்பதாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். ஒரு சேனல் கவிநிலா என்று வேறொரு பெண்ணின் படத்தைக் காட்டியது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள், நன்றாக இருக்கட்டும்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் ஒரு புடவை. என் மகள் மேல் போர்த்தியிருந்த பச்சைப் புடவை உங்களுடையது, நீங்கள் இன்னும் ஒரு தடவைகூடக் கட்டாதது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது அவளோடு எரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் சடங்கு எதுவும் செய்வதில்லை, தகன மேடைக்கு நேராகக் கொண்டுபோனோம். புடவையை எடுக்க என் மனைவி எழிலரசி விடவில்லை. அதற்குப் பதிலாக அவர் எடுத்த கைத்தறிப் புடவை ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை. மறுக்காமல் கட்டிக்கொள்ள வேண்டும்.

என் மனைவி ஒன்று கேட்கச் சொன்னார். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு உயிர் இருந்ததா? தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினால் போதும். ஆறுதல் சொல்ல இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மாறன்

---

ஈட்டிமரத்தூர்,
ஜவ்வாது மலை.
5.10.2025

மாறன் சாருக்கு திரௌபதி வணக்கத்துடன் எழுதுறது. நான் பத்தாவது வரைக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில படிச்சவ. இங்க பால்வாடியில சமைக்கிறேன். எழுத்துத் தமிழ்ல எழுதலாம்னு ஒரு தாளு எழுதிப் பார்த்தேன், பேங்க்ல இருந்து வந்த கடுதாசி மாதிரி இருந்துச்சி. கிழிச்சிட்டு பேசற மாதிரியே எழுதுறேன்.

உங்க வீட்டு அக்கா கேட்டதுக்கு மொதல்ல சொல்லிடறேன். நாங்க போறப்ப எல்லாம் முடிஞ்சிடுச்சி. சத்தம் கேட்டதும் ஓடினோம், மேகம் தரையில படுத்துக்கினு இருந்துச்சி, எடம் கண்டுபிடிக்கவே நேரமாச்சி. கேப்டன் சாருக்கும் உயிர் இல்ல. பாப்பாவுக்கு மொகத்துல காயம் இல்ல. கண்ண நான்தான் மூடினேன். இதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன்.

புடவை வந்துச்சி. ரொம்ப நல்ல புடவை. ஆனா நான் கட்டல, கோச்சிக்காதீங்க. செத்தவங்களுக்குப் போத்துன புடவைக்குப் பதிலா வர்றத கட்டக் கூடாதுன்னு எங்க மாமனார் சொல்லிட்டாரு. அவருதான் ஊருக்குப் பெரியவரு, ஊர் கவுண்டர்னு சொல்லுவோம், பேரு சுப்பன். மாமனார் பேர வாயால சொல்லக் கூடாது, எழுதலாம்னு நெனைக்கிறேன். அதனால அந்தப் புடவைய அம்மாவுக்கே கட்டிட்டோம். அம்சமா இருக்குது.

எந்த அம்மான்னு கேப்பீங்க. பைலட்டம்மாவுக்கு.

வெவரமா சொல்றேன். பிளேன் வுழுந்த எடம் நாங்க சாமை வெதைக்கிற கொல்லைக்குப் போற வழி. மாடு ஓட்டிக்கினு போறதும் அதே வழிதான். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போக யாருக்கும் கால் வரல. கண்ணாலம் ஆவாத பொண்ணு, பாதி வழியில நின்னு போச்சி, அப்படியே வுட்டா அதுக்கும் கஷ்டம் நமக்கும் கஷ்டம்னு மாமனார் ஒரு கல்லு நட்டு பாலு ஊத்தினாரு. மறுநாள்ல இருந்து எல்லாரும் போறாங்க. பக்கத்துல சின்னக் கல்லு ஒண்ணு கேப்டன் சாருக்கு. அவரு காவல். ஆம்பள சாமின்னு சுருட்டு வெக்கிறோம்.

போன வாரம் விபத்த விசாரிக்கிற ஆபீசருங்க மூணு பேரு டில்லியில இருந்து வந்தாங்க. கல்லாண்ட செருப்பு போட்டுக்கினு போவாதீங்கன்னு எங்க பசங்க சொன்னதும் ஷூவ கழட்டி வெச்சிட்டு வெறுங்கால்ல நின்னு அளந்தாங்க. அதுல பெரிய ஆபீசர் எல்லாம் எழுதி முடிச்சிட்டு கடைசியில துன்னூறு கேட்டு வாங்கிக்கினாரு.

வர்ற தையில அம்மாவுக்கு மொதல் படையல் போடணும். அவங்கவங்க உயிரோட இருந்தப்ப எத ஆசையா சாப்பிட்டாங்களோ அதத்தான் எலையில வெப்போம், அதான் எங்க வழக்கம். பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்? எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்க அதுகூட ஒரு வார்த்த பேசல. நீங்கதான் எழுதணும்.

திரௌபதி

---

வேங்கிக்கால்,
14 அக்டோபர் 2025

திருமிகு திரௌபதி அவர்களுக்கு,

என் மனைவியின் கேள்விக்கு நீங்கள் எழுதிய பதிலை நாலைந்து தடவை படித்தேன். அதைப் போல நேர்மையான வரி ஒன்றை இந்த இரண்டு மாதத்தில் யாரும் எனக்கு எழுதவில்லை, சொல்லவும் இல்லை. அந்த வரியோடு கடிதத்தை நிறுத்தியிருந்தால் உங்களுக்கு என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் தெருவில் நின்று அண்ணாமலை என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். என் அப்பா அப்பாசாமி எனக்கு வைத்த பெயரும் அதுதான். இருபது வயதில் அரசிதழில் விளம்பரம் கொடுத்து மாறன் ஆனேன். என் திருமணம் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் நடந்தது. எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. ஓசியில் வரும் காலண்டரிலும் படத்தை வெட்டி எடுத்துவிட்டுத் தேதியை மட்டும் மாட்டுவோம். மகளுக்குக் கவிநிலா என்று பெயர் வைத்தபோது, அந்தப் பெயரில் எந்தக் கோயிலிலும் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் வைத்தேன். அவளை நீங்கள் உட்காரவைத்துவிட்டீர்கள். முதல் புடவையைக் கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பியவன் நான். அறுபத்திரண்டு வயது வரை ஒரு கற்பூரம் வாங்காதவன் ஒரு தெய்வத்துக்கே வஸ்திரம் சாத்தியிருக்கிறேன்.

கல்லை எடுத்துவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, உண்மைக்கு மாறாக இருப்பதால் சொல்கிறேன். கவிநிலா தெய்வம் இல்லை. அவள் இருபத்து மூன்று வயதுப் பெண். குளித்த துண்டைக் கட்டில் மேல் போடுவாள். விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் வானிலைப் பாடத்தில் இரண்டு தடவை தோற்றாள். தெய்வம் எந்தப் பாடத்தில் தோற்றாலும் அதில் தோற்காது.

அன்றைக்கு அவர்களுடைய பாதை எங்கள் ஊர் வழியாக இருந்தது. முதல் நாளே அம்மாவுக்குப் போன் செய்து, காலையில் உன் தலைக்கு மேல் போவேன், மாடிக்கு வந்து நில், எந்த வீடு என்று தெரிய ஏதாவது சிவப்பாகக் காயப்போடு என்றாள். எழிலரசி சிவப்புப் போர்வையை மாடிக் கொடியில் விரித்துவிட்டு நின்றார். அத்தனை உயரத்தில் இருந்து நம் வீடு ஒரு தீப்பெட்டி, இதில் போர்வை வேறா என்று நான் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எழிலரசி நனைந்துகொண்டு நின்றார். விமானம் வரவில்லை. போர்வை இன்னும் கொடியில்தான் இருக்கிறது. அதை எடுக்க இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. அப்பா அம்மா வீட்டைக் கண்டுபிடிக்க முடியாத பிள்ளை உங்களுக்கு எந்த வழியைக் காட்டப்போகிறாள்?

பக்கத்து வீட்டு தனம் துக்கம் கேட்க வந்தபோது, மலையில் உயிர் போனால் மறுபிறவி கிடையாது, கொடுத்து வைத்தவள் என்றார். அது இந்த மலைக்குச் சொல்வது, அவள் விழுந்தது வேறு மலை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்லாம் ஒரே மாவட்டம்தானே என்றார். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் நான் வாழ்கிறேன். மலைக்கு மேலேயும் அதே கதை என்றால் நான் எங்கே போவது?

கேப்டன் சக்கரவர்த்திக்குச் சுருட்டு வேண்டாம். அவருடைய மனைவியிடம் பேசியிருக்கிறேன். புகை வாசனை பட்டாலே தும்முகிறவராம். எந்நேரமும் ஏலக்காய் மென்றுகொண்டிருப்பாராம்.

சாப்பாட்டுக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சாப்பிடுவதற்கு வாய் வேண்டும்.

மாறன்

---

ஈட்டிமரத்தூர்
2.11.2025

மாறன் சாருக்கு,

உங்க கடுதாசிய மாமனாருக்குப் படிச்சிக் காட்டினேன். கோவப்படுவாருன்னு சில வரிய முழுங்கிடலாம்னு பார்த்தேன், அப்புறம் முழுசா படிச்சேன். கோவம் வரல. பெத்தவன் அப்படித்தான் பேசுவான், பேசலன்னாதான் பயப்படணும்னாரு.

கல்ல எடுக்க முடியாது சார். நீங்க டவுன்ல இருக்கீங்க. அந்த வழியா தெனம் போறவங்க நாங்க. தலைமேல கூடைய வெச்சிக்கினு அந்த எடத்தத் தாண்டறப்ப எனக்கு இன்னும் அந்தப் பிளேன் எண்ணெய் வாசனை வருது. அந்தப் புள்ளைய மடியில வெச்சி தலைமுடியில இருந்து கண்ணாடித் தூள எடுத்தவ நான். அது எனக்கு சாமியா ஆனாதான் நான் அந்த வழியா போவ முடியும். பொணமாவே இருந்தா முடியாது. நீங்க பெரிய படிப்பு படிச்சவரு, இதுக்கு வேற வழி இருந்தா எழுதுங்க, செய்யறோம்.

வானிலைன்னா மாமனாருக்குப் புரியல. மழை எப்ப வரும்னு சொல்ற பாடம்னு சொன்னேன். ரெண்டு வாட்டி தோத்துச்சின்னும் சொன்னேன். அப்புறம், மழையால அடிபட்டவளுக்குத்தான் மழையோட சூது தெரியும், இனிமே வெதைக்கிறதுக்கு முன்னாடி அவளாண்டதான் கேக்கணும்னாரு. அப்படியே ஆயிடுச்சி. நான் சொல்லாம இருந்திருக்கலாம்.

கேப்டன் சாருக்கு சுருட்ட நிறுத்தியாச்சி. ஏலக்கா வெக்கிறோம். எங்க மாமனாருக்கு அதுல கொஞ்சம் வருத்தம், மிச்ச சுருட்ட அவருதான் பிடிப்பாரு.

தெய்வம் இல்ல, பொண்ணுன்னு எழுதியிருந்தீங்க. பேரு எழுதலன்னா நாளைக்கு யாருன்னே தெரியாம போயிடும்னு உங்களுக்கு வருத்தம் இருக்குதுன்னு எனக்குத் தோணுது. இங்க கல்லுல எழுத்து வெட்டத் தெரிஞ்ச ஆளு இல்ல. நீங்க வெட்டி அனுப்பினா வெக்கிறோம்.

அக்கா எப்படி இருக்காங்க? அவங்களப் பத்தி நீங்க எழுதுறதெல்லாம் அந்த ஒரு நாள்ல நின்னுடுது.

திரௌபதி

---

வேங்கிக்கால்,
8 டிசம்பர் 2025

திருமிகு திரௌபதி அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட வேறு வழியை ஒரு மாதமாக யோசித்தேன். நாற்பது வருடம் படித்ததில் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. செங்கம் ரோட்டில் கல்வெட்டு செதுக்குகிறவர் ஒருவரிடம் கறுப்புக் கிரானைட்டில் பலகை செய்யச் சொன்னேன். மேலே என்ன உருவம் வேண்டும், லிங்கமா வேலா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றதும் சிலுவையா என்று கேட்டார். விமானம் என்றேன். செதுக்கிவைத்ததைப் போய்ப் பார்த்தால் இருநூறு பேர் உட்காரும் விமானம். வரிசையாக ஜன்னல். அவள் ஓட்டியது நம் ஆட்டோவுக்கு இறக்கை வைத்த அளவு, இரண்டே கதவு. சொன்னேன். சார், இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்ச பொண்ணு, கொஞ்சம் பெருசாத்தான் இருக்கட்டுமே என்றார். வாதாடத் தெம்பில்லை. கீழே இப்படி இருக்கும்:

பயிற்சி விமானி மா. கவிநிலா, பி.எஸ்சி.
பயிற்றுநர் கேப்டன் சக்கரவர்த்தி
இவ்விடத்தில் விமான விபத்தில் உயிர் நீத்தனர்.
இது வழிபாட்டு இடம் அல்ல.

கடைசி வரி என்னுடையது. ரேஷன் சரக்கு ஏற்றி வரும் ஜீப்பில் வருகிறது, கீழே இறக்கிவைப்பார்கள். மேலே தூக்க மறுபடியும் உங்கள் ஆட்களின் தோள்தான் வேண்டும் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் இங்கே தீபம். மலை உச்சியில் கொப்பரை எரிந்ததும் ஊர் முழுக்க வீட்டு வாசலில் விளக்கு வைத்தார்கள். எங்கள் வாசல் எப்போதும் போல இருட்டு. முப்பது வருடமாக விளக்கு வைக்காததற்கு என்னைத் திட்டிய தெரு, இந்த வருடம் விளக்கு வைக்காததற்கு மெச்சியது. சாவு விழுந்த வீட்டில் விளக்கு வைக்கக் கூடாதாம், முறை தெரிந்தவர் என்று தனம் என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசினாராம். கொள்கையும் தீட்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

எழிலரசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறார் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நாங்கள் பேசிக்கொள்கிறோம். சிலிண்டர், தண்ணீர் லாரி, கரண்ட் பில். கவிநிலா என்று ஆரம்பித்தால் நான் வேறு அறைக்குப் போய்விடுகிறேன், அவர் ஆரம்பிப்பதை நிறுத்திவிட்டார். நவம்பர் கடைசியில் போளூரில் இருக்கும் அவருடைய அக்கா ஜோதியம்மாள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அக்கா வீட்டுச் சாப்பாடு.

மாடியில் இருந்த சிவப்புப் போர்வையைக் காணவில்லை. குரங்கு எடுத்துக்கொண்டு போயிருக்கும். இங்கே குரங்குகளுக்கும் கோயில் சலுகை உண்டு, அடிக்க முடியாது. கொடியில் ஒரு கிளிப் மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அந்த வானரக் கூட்டத்தை என் வாயில் வந்தபடி திட்டினேன். எழிலரசி கீழே இறங்கிப் போய்விட்டார்.

மாறன்

---

ஈட்டிமரத்தூர்
28.12.2025

மாறன் அண்ணாவுக்கு,

சார்னு எழுதி எழுதி கை ஒத்துக்கல. அண்ணான்னு எழுதுறேன். வேணாம்னா சொல்லுங்க.

பலகை வந்துச்சி. ஆறு பேரு தூக்கிக்கினு வந்தாங்க. பிளேன் ரொம்ப அழகு. ஜன்னல எண்ணிப் பார்த்து பசங்க சண்ட போடுதுங்க. கல்லுக்குப் பின்னாடி நிக்க வெச்சி சிமெண்ட்டு போட்டாச்சி. எல்லாரும் கூடி நிக்கறப்ப மேல இருந்து கீழ வரைக்கும் நான் சத்தமா படிச்சேன். கடைசி வரியையும் படிச்சேன், ஏமாத்தல. மாமனாரு தலைய ஆட்டினாரு. சரிதான, கோயில்னா கோபுரம் வேணும், ஐயர் வேணும், இது நம்ம பொண்ணு எடம் அவ்ளோதான்னாரு. சொல்லிட்டு பலகைக்கு மஞ்சள் பூசி குங்குமம் வெச்சாரு. இப்ப எழுத்து எதுவும் தெரியல. பேரு மட்டும் தெரியற மாதிரி நான் தெனமும் வெரலால தொடச்சி வுடறேன். இப்பல்லாம் பேரு சொல்லித்தான் கூப்பிடறோம். கவிநிலாம்மா.

இப்ப சொல்லப்போறத சொல்லக் கூடாதுன்னு எனக்கு சத்தியம் இருக்குது. ஆனா நீங்க பாட்டுக்கு கொரங்கத் திட்டிக்கினு இருக்கீங்க. அது என்ன பாவம் பண்ணிச்சி.

போர்வை இங்க இருக்குது அண்ணா. எழிலரசி அக்காதான் எடுத்துக்கினு வந்தாங்க. போளூர்ல இருந்து மொத பஸ்ஸப் பிடிச்சி ஜமுனாமரத்தூர் வந்து, அங்க இருந்து ஆளுங்கள வழி கேட்டுக்கினு நடந்தே வந்துட்டாங்க. கால்ல செருப்பு அறுந்து போயிருந்துச்சி. நான் அடையாளம் கண்டுக்கினேன். பாப்பா மொகம் அவங்க மொகம்தான்.

அவங்க கும்பிடல. கும்பிடத் தெரியலன்னுதான் சொல்லணும், கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம நின்னாங்க. அப்புறம் உக்காந்து கல்லு மேல அந்த செவப்புப் போர்வைய விரிச்சி, நாலு மூலையும் இழுத்து வுட்டு, "இப்ப தெரியுதா பாரு"ன்னாங்க. அவ்ளோதான். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மெல்லமா பேசிக்கினே இருந்தாங்க. நாங்க தள்ளிப் போயிட்டோம். வீட்டுல எண்ணெய் தீர்ந்தது, பக்கத்து வீட்டுப் பொண்ணு கண்ணாலம், எல்லாம் பேசினாங்கன்னு நெனைக்கிறேன். நடுவுல சிரிச்ச சத்தம்கூட கேட்டுச்சி.

கெளம்பறப்ப நான் படையல் விஷயத்தக் கேட்டேன். பாப்பாவுக்கு என்ன பிடிக்கும், நீங்களாவது சொல்லுங்கக்கான்னேன். அதுக்கு அவங்க சொன்னத அப்படியே எழுதுறேன்: "நான் சமைச்சது எதுவும் அவளுக்குப் பிடிக்காது. அவளுக்குப் பிடிச்சது அவங்கப்பாவுக்குத்தான் தெரியும். அவர்கிட்டயே கேளுங்க."

கேட்டுட்டேன்.

தங்கச்சி
திரௌபதி

---

வேங்கிக்கால்,
6 ஜனவரி 2026

தங்கை திரௌபதிக்கு,

கடிதம் கிடைத்தது. குரங்குகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மற்றதற்கு எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

மாறன்

---

ஈட்டிமரத்தூர்
18.1.2026

அண்ணாவுக்கு,

அவசரப்படுத்தறேன்னு நெனைக்க வேணாம். தை கடைசி வெள்ளிக்கிழமை படையல்னு ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க. உங்ககிட்ட இருந்து பதில் வரலன்னா என்ன பண்றதுன்னு மாமனாரு கேட்டாரு. வயசுப் பொண்ணுங்களுக்கு எல்லாம் பிடிக்கும்னு சக்கரைப் பொங்கல் வெச்சிடலாம்னு இருக்கோம். சாமை அரிசியில, வெல்லம் ஜாஸ்தி போட்டு.

நீங்க வருத்தப்படாதீங்க. எழுதலன்னாலும் ஒண்ணும் இல்ல.

திரௌபதி

---

வேங்கிக்கால்,
27 ஜனவரி 2026

தங்கை திரௌபதிக்கு,

சர்க்கரைப் பொங்கல் வைக்காதீர்கள்.

அவளுக்கு இனிப்பு ஆகாது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு தனம் பொங்கலுக்குக் கொடுத்தனுப்பினால் வாயில் வாங்கிவைத்துக்கொண்டு, பாத்திரம் திரும்பப் போகும் வரை முழுங்காமல் நின்று, பிறகு துளசி இல்லாத எங்கள் வீட்டுத் துளசிமாடத்தில் துப்புவாள். வாடகைக்கு வந்தபோதே கட்டியிருந்த மாடம் அது. வேறு எதற்கும் பயன்பட்டதில்லை. உங்கள் ஊரே கூடிநின்று வெல்லம் ஜாஸ்தி போட்டுக் கொடுத்தால் அவளால் துப்பவும் முடியாது. அந்த நினைப்பில் இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. அவள் இல்லை, கல்தான் இருக்கிறது, கல்லுக்கு நாக்கு கிடையாது என்று எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். நான் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

எழிலரசியிடம் போர்வையைப் பற்றிக் கேட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். கோபமாகக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

"எனக்கு சாமி வேணாங்க. அவகிட்ட பேச ஒரு எடம் வேணும். இந்த வீட்டுல அவ பேர எடுத்தா நீங்க எழுந்து போயிடறீங்க. அங்க யாரும் எழுந்து போவல."

நான் எழுந்து போகவில்லை. அங்கேயே நின்றேன். வெங்காயம் அரிகிற இடத்தில் நிற்பதில் ஒரு வசதி உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பௌர்ணமிதோறும் இந்த ஊர் செருப்பைக் கழற்றிவிட்டு மலையைச் சுற்றும். வெளியூரில் இருந்து லட்சக்கணக்கில் வருவார்கள், வேங்கிக்கால் வரை பஸ் நிற்கும். அன்று சாயங்காலம் நானும் கவிநிலாவும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊர் போகிற திசைக்கு எதிர்த்திசையில் போவோம். அவள் ஆறாவது படிக்கும்போது ஆரம்பித்த வழக்கம். அவலூர்பேட்டை ரோட்டில் மூர்த்தி என்று ஒருவர் வண்டிக்கடை வைத்திருக்கிறார். சிக்கன் பக்கோடா. ஊர் முழுக்க விரதம் இருக்கும் நாளில் அதைச் சாப்பிடுவது ஒரு கொள்கைப் பிரச்சாரம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குக் கொள்கையைவிடப் பக்கோடா பிடித்திருந்தது. அம்மாவுக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். தெரிந்திருக்கிறது. நாங்கள் பூனை மாதிரி வந்து படுக்கும்போது சட்டையெல்லாம் மசாலா வாசனையாம். கூப்பிட்டால் நானும் வந்திருப்பேன், யாரும் கூப்பிடலையே என்றார்.

இந்த மாதப் பௌர்ணமிக்கு அந்தக் கடைக்குப் போனேன். ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவை. மூர்த்தி செய்தி பார்க்கிறவர் இல்லை. பார்த்திருந்தாலும் வேறு பெண்ணின் படத்தைத்தான் பார்த்திருப்பார். பாப்பா லீவுக்கு வரலையா சார் என்று கேட்டார். வரவில்லை என்றேன். இரண்டு பொட்டலம் கட்டினார். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். எழிலரசி ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. நல்லாத்தான் இருக்குது என்றார்.

ஆகவே, படையலுக்குச் சிக்கன் பக்கோடா. நன்றாகப் பொரித்தது, காரம் கொஞ்சம் ஜாஸ்தி. கூடவே பன்னீர் சோடா, ஐஸ் போடாமல். தெய்வத்துக்கு இதையெல்லாம் வைக்கலாமா என்று உங்கள் மாமனார் யோசித்தால், வைக்கலாம் என்று அவளுடைய அப்பா சொன்னதாகச் சொல்லுங்கள்.

அங்கே தேடி அலைய வேண்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் மூர்த்தியிடம் வாங்கி வெள்ளிக்கிழமை மொத பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் கொண்டுவருகிறோம். ஆறிப்போயிருக்கும். ஆறினதையும் சாப்பிடுவாள், மறுநாள் காலையில் பல் விளக்காமல் சாப்பிட்டவள்தான். எழிலரசி இந்தத் தடவை புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார். ஏறுவதற்கு எனக்கு மூச்சு வாங்கும், வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவேன், சுமக்க யாரையும் அனுப்ப வேண்டாம்.

நான் கும்பிட மாட்டேன். இதை உங்கள் மாமனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே வந்து சங்கடம் வேண்டாம். என் கொள்கையில் எந்த மாற்றமும் இல்லை. அவள் பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான். எழுந்து போக மாட்டேன்.

மூர்த்தி கறிவேப்பிலையை அள்ளிப் போடுவார். அவளுக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றாக எடுத்து என் பக்கம் வைப்பாள், நான் சாப்பிடுவேன். அதனால் அவளுக்கு ஓர் இலை போடும்போது, பக்கத்தில் ஒட்டினாற்போல் எனக்கும் ஒன்று போடுங்கள். அதில் எதுவும் வைக்க வேண்டாம்.

அண்ணன்
மாறன்